பொத்தானைத் தொட்டால் வேலை செய்வது யார்?

திருவனந்தபுரம் பூஜப்புரையில் தலைமையகம் கொண்ட 'கைட்' என்னும் கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம், 2018-ஆம் ஆண்டு முதல் உயர்நிலைப் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' கழகங்களை நடத்தி வருகின்றது. இவற்றில் மாணவர்கள் 'ஆப் இன்வென்டர்' என்னும் கருவியின் துணையால் கைப்பேசிச் செயலிகளை இயற்றப் பயில்கின்றனர். பொத்தானுக்குரிய கட்டையினுள் செய்ய வேண்டிய வேலையைக் குறிக்கும் கட்டைகளைப் பொருத்திவிட்டால் போதும்; பொத்தானைத் தொட்டவுடன் அவ்வேலை நடைபெறும். பொத்தானும் வேலையும் ஒரே திரையில் உள்ளவரை இடர்ப்பாடு இல்லை.

அடுத்த படியாக மாணவர் ஜாவா மொழியில் ஆண்ட்ராய்ட் செயலி எழுதப் புகும்பொழுது சிக்கல் தோன்றுகின்றது. அங்கே நிரல் பல 'கிளாஸ்'களாகப் பிரிக்கப்படுகின்றது. கிளாஸ் என்பதை அச்சிட்ட வெற்றுப் படிவத்துக்கு ஒப்பிடலாம். அப்படிவத்தின் ஒவ்வொரு பிரதியும் ஓர் 'ஆப்ஜெக்ட்' ஆகும். ஒரு பிரதியில் எழுதியது மற்றொன்றில் தோன்றாது.

கிணறுகளின் நீர்மட்டத்தைப் பதியும் செயலி ஒன்றைக் கருதுவோம். 'சேர்' என்னும் பொத்தான் ஒரு கிளாஸிலும், பட்டியல் வேறொரு கிளாஸிலும் உள்ளன. புதிதாகப் பயில்பவர், பொத்தானின் நிரலுக்குள் பட்டியல் கிளாஸின் புதிய பிரதி ஒன்றை உண்டாக்கி, அதில் அளவைச் சேர்த்துவிடுகிறார். கணிப்பொறி எப்பிழையையும் சுட்டுவதில்லை. ஆயினும் திரையில் உள்ள பழைய பட்டியல் மாறாதிருக்கின்றது. புதிய பிரதியோ சிறிது நேரத்தில் அழிந்துபோகின்றது. களப்பணியாளர் வெயிலில் நடந்து எடுத்த அளவும் அதனுடன் மறைகின்றது. அன்றைய நீர்மட்டத்தை மறுநாள் அளக்க இயலுமா?

இதற்குப் பரிகாரம் எளிது. பொத்தான் செய்தியை அறிவித்தல் மட்டும் போதும். அதைக் கேட்டு வேலை செய்பவர் இன்னார் என்று முன்னரே பதிந்துவைத்தல் வேண்டும். ஆண்ட்ராய்டில் இதற்கென 'ஆன்கிளிக்லிசனர்' என்னும் உடன்படிக்கை உள்ளது. அதை ஏற்கும் கிளாஸ், 'ஆன்கிளிக்' என்னும் செயலைத் தன்னிடம் கொண்டிருத்தல் வேண்டும். திரையில் ஏற்கெனவே உள்ள பட்டியலுக்கு இவ்வுடன்படிக்கையை ஏற்பித்து, அப்பட்டியலையே பொத்தானிடம் ஒப்படைத்தால் அளவு உரிய இடத்தைச் சேரும். பொத்தானுக்குப் பட்டியலின் உள்ளமைப்பு தெரிய வேண்டுவதில்லை.

இன்னும் ஓர் எச்சரிக்கை. வேறு ஏற்பாடு செய்யாவிடில், கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பியதும் ஆண்ட்ராய்ட் பழைய திரையை நீக்கிப் புதியதை அமைக்கின்றது. நீங்கிய திரையின் பெயரே பதிவில் எஞ்சியிருப்பின், செய்தி அங்கேயே செல்லும். ஆகவே திரை தோன்றுகையில் பதிதலும், மறைகையில் பதிவை நீக்குதலும் இன்றியமையாதன.

ஆசிரியர்கள் இதனை மூன்று மாணவரைக் கொண்டு நடித்துக் காட்டலாம். பொத்தானாக நிற்பவன் கையில் ஒரு பெயர்ச்சீட்டு இருக்கட்டும். அவனைத் தொட்டதும் அப்பெயரை உரக்க அழைப்பான். அழைக்கப்பட்டவன் கரும்பலகையில் அளவை எழுதுவான். பிறகு சீட்டை மட்டும் மாற்றினால் மூன்றாமவன் எழுந்து வருவான். பொத்தான் மாறவில்லை, வேலை செய்பவரே மாறினார் என்பதை மாணவர் கண்ணால் கண்டு தெளிவர்.