தேங்காய் மட்டையும் தலைக்கவசமும்

கொடுமுடியைச் சுற்றியுள்ள காவிரிக் கரைத் தோப்புகளில் ஐம்பதடி உயரத்திலிருந்து தேங்காய் விழுகிறது, பெரும்பாலும் உடைவதில்லை. அதே காயின் மட்டையை உரித்துவிட்டு, நின்ற உயரத்திலிருந்து கருங்கல்லில் போட்டால் பிளந்துவிடுகிறது. ஓடு ஒன்றுதான், புவியீர்ப்பும் ஒன்றுதான். வேறுபாடு, நார் மட்டை நசுங்குவதால் கிடைக்கும் ஓரிரு விரற்கடைத் தொலைவு மட்டுமே. தலைக்கவசத்தின் இயற்பியல் ஏறத்தாழ முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

இருசக்கர வாகனத்தில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் வண்டியே சாய்ந்து தலை தரையில் மோதினாலும், மோதும் கணத்தில் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. ஆகிவிடும். ‘பக்கத்துத் தெருவுக்குத்தானே, மெதுவாகத்தானே போகிறேன்’ என்னும் வழக்கமான வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது. தார்ச்சாலையில் மோதும் வெறுந்தலை மூன்று மில்லிமீட்டர் தொலைவுக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், அது தாங்க வேண்டிய சராசரி முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 500 மடங்கு. நிற்பதற்கு இரண்டரை சென்டிமீட்டர் கிடைத்தால் அது 60 மடங்காகக் குறைகிறது. அந்த இரண்டரை சென்டிமீட்டரைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

அதைத் தருவது பளபளக்கும் வெளி ஓடு என்றே பலரும் எண்ணுகின்றனர். ஓட்டின் வேலை, கூரிய பொருள் ஊடுருவாமல் தடுப்பதும் அடியின் விசையைப் பரப்புவதும்தான். உயிர் காப்பது அதற்குள் இருக்கும், நாம் தெர்மாகோல் என்றழைக்கும் பொருளின் அடர்த்தியான வகை. அது நசுங்கி அடியின் ஆற்றலை உட்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினால் மீள்வதில்லை. எனவே, விபத்தில் அடிவாங்கிய கவசம் வெளியே கீறலின்றித் தோன்றினாலும் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. தலையைத் தொடும் மென்பஞ்சோ வெறும் வசதிக்கானது. சாலையோரக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பல கவசங்களில் ஓடும் பஞ்சும் இருக்கும். இடையில் இருக்க வேண்டியது இருக்காது.

ஆனாலும் கவசத்துக்கு ஓர் எல்லை உண்டு. முற்றிக் காய்ந்த தேங்காயை ஆட்டினால் உள்ளே கொப்பரை உருளும் ஓசை கேட்கும், ஓட்டுக்குச் சேதமில்லை. மண்டையோட்டுக்குள் நீர்மத்தில் மிதக்கும் மூளையும் அதுபோல் அசையக்கூடியது. அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் இதற்குப் பெரும் விலை கொடுத்துப் பாடம் கற்றார்கள். அங்கே கடினமான கவசங்கள் மண்டையோட்டு முறிவுகளைக் குறைத்தன; ஆனால், மூளை அதிர்ச்சியைத் தடுக்க இயலவில்லை. மைக் வெப்ஸ்டர் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர் 2002-இல் இறந்தபோது, மருத்துவர் பென்னட் ஒமாலு அவரது மூளையில் நாட்பட்ட சிதைவைக் கண்டறிந்தார். கவசம் தந்த துணிச்சலில் ஆட்டக்காரர்கள் தலையையே ஆயுதமாக்கி மோதியதும் நடந்தது. கல்லூரி, பள்ளி ஆட்டங்களில் 1976-இல் அதைத் தடை செய்த பிறகுதான் கழுத்துத் தண்டுவட முறிவுகள் வெகுவாகக் குறைந்தன.

பாதுகாப்புச் சாதனம் மனிதரை அசட்டுத் துணிச்சலுக்குத் தூண்டும் என்று சிகாகோ பொருளாதார அறிஞர் சாம் பெல்ட்ஸ்மன் 1975-இல் கார்களை முன்வைத்து வாதிட்டார். தலைக்கவசச் சட்டத்தை எதிர்ப்போருக்கு அது இன்றும் உகந்த மேற்கோள். கால்பந்தாட்டத்தில் அதற்கு இடமுண்டு. அங்கு மோதுவதே ஆட்டம். கரூர் - ஈரோடு சாலையில் லாரியின் மீது தலையால் மோதிப் பார்க்க யாரும் புறப்படுவதில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, கவசம் மோட்டார் சைக்கிளோட்டிகளின் இறப்பு வாய்ப்பைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காய வாய்ப்பைச் சுமார் 69 சதவீதமும் குறைப்பதாகக் கணக்கிட்டது.

பொருளியல் மாணவனாக என்னைக் கவர்வது வேறொரு கோட்பாடு. விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று ஜார்ஜ் அகெர்லோஃப் 1970-இல் பழைய கார்களை வைத்து விளக்கினார். 2001-இல் நோபல் பரிசும் பெற்றார். பழைய காரையாவது ஓட்டிப் பார்த்து வாங்கலாம். தலைக்கவசத்தை எப்படிச் சோதிப்பது? 2015-இல் நீதிபதி என். கிருபாகரனின் உத்தரவையடுத்துத் தமிழகத்தில் ஜூலை 1 முதல் கவசம் கட்டாயமானபோது, கடைகளில் தட்டுப்பாடும் விலையேற்றமும் உண்டாயின. அபராதத்துக்கு அஞ்சி வாங்குபவருக்குக் காவலர் கண்ணுக்குக் கவசமாகத் தெரிந்தால் போதும். எது மலிவோ அதுவே சிறந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரையின்றிக் கவசம் தயாரிப்பதும் விற்பதும் 2021 ஜூன் 1 முதல் நாடு முழுவதும் குற்றம். சாலையோர வியாபாரம் அதனால் ஒழிந்ததா என்பதைக் கடைவீதியில் நடந்து செல்பவர் எவரும் சொல்வார். அணியாதவரிடம் ஆயிரம் ரூபாய் வசூலிக்கும் அரசு, விற்பவரைத் தேடிச் செல்வதில் அந்த ஊக்கத்தைக் காட்டுவதில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-இல் கவசம் அணியாமல் இறந்தோர் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். கணவர் கவசத்துடன் ஓட்ட, பூச்சூடிய தலையுடன் மனைவி பின்னால் அமர, நடுவில் குழந்தை ஒட்டிக்கொண்டு மகுடேசுவரர் கோயிலுக்கு வரும் குடும்பங்கள் நமக்குப் புதிய காட்சியல்ல. தலையில் சூடும் மகுடத்தைப் பெயரிலேயே கொண்ட இறைவன்! நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் கவசம் கட்டாயம் என்கிறது 2019-இன் சட்டத் திருத்தம். வண்டி வாங்கும்போது ஒரு கவசம் தர வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி. அதை இரண்டாக்கும் வரைவை அமைச்சகம் 2025-இல் வெளியிட்டது. வரவேற்கலாம். ஆனால், இரண்டாவது கவசம் யாருடைய தலைக்குரியது என்பதை வண்டி விற்பவர் அறிய மாட்டார். மனைவியையும் பிள்ளைகளையும் கடைக்கு அழைத்துச் சென்று, அணிவித்து, தாடைப் பட்டையை இறுக்கிப் பூட்டி, பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அடுத்த அளவை எடுக்கச் சொல்லுங்கள்.