நீராவித் தொடருந்துப் பொறியைச் சமன்செய்தல்

நீராவித் தொடருந்துப் பொறியைச் சமன்செய்தல் என்பது, பொறி ஓடும்போது அதன் அசையும் உறுப்புகளால் தோன்றும் விசைகளை, சக்கரங்களில் எதிர் எடைகளைப் பொருத்தித் தணிக்கும் முறையாகும். பழைய பொறியொன்றைப் பிரித்து மீளக் கட்டும்போதும், அதன் சிறிய மாதிரியை உருவாக்கும்போதும் இது கவனிக்கப்பட வேண்டியதாகிறது. தமிழ்நாட்டில் நீராவிப் பொறிகளைப் பிரித்துக் கட்டும் வேலை நடைபெற்ற முதன்மையான இடங்களுள் திருச்சிராப்பள்ளியின் பொன்மலைப் பணிமனையும் ஒன்று. விழுப்புரத்திலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் "கார்டு லைன்" எனப்படும் நேர்பாதை, முன்பு மீட்டர் பாதையாக இருந்தது. பெரம்பலூர் நகரில் தொடருந்து நிலையம் இல்லை; அரியலூரே அதற்கு அருகில் உள்ள நிலையங்களுள் ஒன்றாகும்.

சுழலும் எடையும் முன்பின் செல்லும் எடையும்

நீராவிப் பொறியில் அசையும் உறுப்புகள் இரு வகைப்படும். வணரி முளை (சக்கரத்தின் மையத்திலிருந்து விலகி அமைந்த முளை), சக்கரங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் தண்டுகள் ஆகியன சக்கரத்துடன் வட்டமாகச் சுழல்கின்றன. இவற்றைச் சமன்செய்வது எளிது. சக்கரத்தின் எதிர்ப்பக்கத்தில் ஈடான எடையை வைத்தால் போதும். சக்கரத்தின் ஆரைகளுக்கு இடையே பிறை வடிவில் காணப்படும் கனத்த பகுதி இந்த எதிர் எடையே ஆகும்.

உருளைக்குள் இயங்கும் பிசுட்டனும் அதன் தண்டும் அவ்வாறல்ல. அவை நேர்கோட்டில் முன்னும் பின்னுமாகச் செல்கின்றன. அவற்றைச் சமன்செய்யாது விட்டால் பொறி முன்பின்னாக உலுக்கும். இரு பக்கத்து வணரிகளும் ஒன்றுக்கொன்று 90 பாகையில் அமைந்திருப்பதால் இடவலமாகத் தலையையும் அசைக்கும். எதிர் எடையைக் கூட்டினால் இந்த உலுக்கல் குறையும். ஆனால் அந்த எடை வட்டமாகச் சுழல்வது; அது முன்பின் விசையை ஈடுசெய்யும் அதே வேளையில் மேலும் கீழுமாகப் புதிய விசையொன்றைத் தோற்றுவிக்கிறது. ஆகவே இரு உருளைப் பொறியை முழுமையாகச் சமன்செய்தல் எதிர் எடையால் மட்டும் இயலாது. ஒரு திசையில் நீக்கிய குறை மற்றொரு திசையில் வந்து சேரும். முன்பின் செல்லும் எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஈடுசெய்வது பழைய வழக்கு. பிற்காலத்தில் பாதியோ அதற்கும் குறைவோ போதும் எனக் கருதப்பட்டது.

சம்மட்டி அடி

மேற்கூறிய மேல்கீழ் விசை, சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை தண்டவாளத்தை அழுத்துகிறது. இதனைச் சம்மட்டி அடி என்பர். தென்னக மீட்டர் பாதைகளில் ஓடிய ஒய்.பி. வகைப் பொறியின் இயக்குசக்கர விட்டம் ஏறத்தாழ 1.37 மீட்டர்; வணரியின் ஆரம் ஏறத்தாழ 0.3 மீட்டர். இத்தகைய சக்கரமொன்றில் 50 கிலோகிராம் எதிர் எடை வணரி ஆரத்தில் மிகையாக இருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 4 முறை சுழலும். அப்போது தோன்றும் அடி ஏறத்தாழ 900 கிலோகிராம் எடைக்குச் சமமாகும். வேகம் பாதியானால் அடி கால் பங்காகக் குறையும்.

அடி கீழ்நோக்கி விழுவது மட்டுமன்று. அரைச் சுற்றுக்குப் பின் அதே விசை சக்கரத்தை மேலே தூக்கவும் முயல்கிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் காசு என்பவர் 1890களில் இதனை எளிய முறையில் காட்டினார். ஆய்வுக்கூடத்தில் நிறுத்தி ஓட்டப்பட்ட பொறியின் சக்கரத்துக்கு அடியில் மென்மையான கம்பியைச் செலுத்தினார். கம்பி பெரும்பாலும் தட்டையாக நசுங்கி வெளிவந்தது. மிகுந்த வேகத்திலோ சில இடங்களில் நசுங்காமலே வெளிவந்தது. அந்தக் கணங்களில் சக்கரம் கீழே படவே இல்லை என்பது இதன் பொருள்.

பாலங்களே இதனால் மிகுந்த இடருக்கு உள்ளாயின. பிரித்தானியாவில் 1923இல் அமைக்கப்பட்ட பாலத் தகைவுக் குழு இதை விரிவாக ஆராய்ந்து 1928இல் அறிக்கை அளித்தது. பால விபத்து என்றதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது, 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றில் தூத்துக்குடி விரைவுவண்டி வீழ்ந்து 100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நிகழ்வாகும். தொடருந்துத் துறை அமைச்சராக இருந்த லால் பகதூர் சாத்திரி இதனையடுத்துப் பதவி விலகினார். ஆனால் அங்கு பாலத்தைச் சிதைத்தது வெள்ளம்; அதனைச் சம்மட்டி அடியோடு சேர்த்து எண்ணலாகாது.

மீளக் கட்டும்போது

தேய்ந்த தண்டுக்கு மாற்றாகப் புதியது செய்யப்பட்டால் அதன் எடை பழையதைப் போலவே இருக்கும் என்று கொள்ள முடியாது. எனவே இணைப்புத்தண்டின் இரு முனைகளும் தனித்தனித் தராசுகளில் தாங்கி நிறுக்கப்படுகின்றன. வணரிப் பக்க முனையின் எடை சுழலும் எடையாகவும், பிசுட்டன் பக்க முனையின் எடை முன்பின் செல்லும் எடையாகவும் கணக்கிடப்படும். பின்னர் சக்கரங்கள் அச்சுடன் மட்டமான தாங்கிகளில் வைக்கப்பட்டு, வணரி முளையில் உரிய எடை தொங்கவிடப்படும். எந்த நிலையில் விட்டாலும் சக்கரம் உருளாது நின்றால் கணக்குச் சரி. குறை இருப்பின் எதிர் எடையின் உட்குழிவில் ஈயம் சேர்க்கப்படும்.

ஒலி

நீராவிப் பொறியின் "சுக் சுக்" ஒலி, உருளையில் வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே வெளியேறுவதால் எழுவது. ஒவ்வோர் உருளையிலும் பிசுட்டனின் இருபுறமும் நீராவி வேலை செய்வதால் இரு உருளைப் பொறி ஒரு சுற்றுக்கு 4 முறை ஒலிக்கும். இந்நான்கும் ஒரே வலிமையிலும் சம இடைவெளியிலும் கேட்க வேண்டும். ஒன்று வலுத்தும் மற்றொன்று மெலிந்தும் கேட்டால், நீராவியைத் திறந்து அடைக்கும் வால்வின் அமைப்பில் பிழை உள்ளது எனலாம். ஒய்.பி. பொறி மணிக்கு 10 கிலோமீட்டரில் நொடிக்கு இரண்டு மூன்று முறையே ஒலிக்கும். 60 கிலோமீட்டரில் 15 முறைக்கு மேல். அதனால் இச்சோதனை பொறி புறப்படும்போதுதான் பயன்படும். எதிர் எடையில் உள்ள பிழை இவ்வொலியில் தெரியாது. அது உலுக்கலாக உணரப்படும்.

நீலகிரி மலைத் தொடருந்தின் எக்சு வகைப் பொறிகள் இவ்வகையில் தனித்தன்மை வாய்ந்தவை. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் முதலில் கட்டப்பட்ட இவற்றுக்கு 4 உருளைகள் உண்டு. கீழுள்ள இரண்டு சக்கரங்களையும், மேலுள்ள இரண்டு பற்சக்கரங்களையும் இயக்குகின்றன. கல்லாறு முதல் குன்னூர் வரையிலான பற்சட்டப் பாதையில், கீழ் உருளைகளில் வேலை முடித்த நீராவி மேல் உருளைகளுக்குச் சென்று மீண்டும் வேலை செய்தபின்னரே வெளியேறுகிறது. மேல் உருளைகளின் இயக்கம் விரைவானது. ஆகவே ஏற்றத்தில் பொறி மெதுவாக ஊர்ந்தாலும் ஒலி நெருக்கமாகக் கேட்கும். 2010களில் இவ்வகைப் புதிய பொறிகள் பொன்மலையிலேயே கட்டப்பட்டன.

மாதிரிப் பொறிகள்

உண்மையான நீராவியில் ஓடும் மாதிரிகளில் சம்மட்டி அடி பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. பதினாறில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரி, அசல் பொறியின் அதே சுழல்வேகத்தில் ஓடினால், எடையோடு ஒப்பிட்ட அடி பதினாறில் ஒரு பங்கே இருக்கும். சுழல்வேகம் 4 மடங்கானால் இரண்டும் சமமாகிவிடும். அசல் 60 கிலோமீட்டரில் ஓடுவதற்கு ஈடாக மாதிரி 15 கிலோமீட்டரில் ஓடும் நிலை அது.

மின்னோடியால் இயங்கும் சிறு மாதிரிகளில் சமன்செய்தல் என்பது வேறு பொருள் தரும். அங்கு பொறியின் எடை இயக்குசக்கரங்களின் நடுவே விழ வேண்டும்; இல்லையேல் சக்கரம் வழுக்கும். பொறியை ஒரு பென்சிலின் மேல் குறுக்காக வைத்து எடைமையத்தைக் கண்டறிந்து, இலேசான பக்கத்தில் ஈயத்தகடு ஒட்டுவது வழக்கம். ஒலியூட்டும் மின்சுற்றும் ஒலிபெருக்கியும் சேர்க்கப்படும்போது அவை ஈயத்துக்கு உரிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் ஒலிபெருக்கியைப் பொறிக்குப் பின்னுள்ள நிலக்கரி வண்டியில் வைப்பது நல்லது. ஒலி சக்கரத்தோடு ஒத்துப்போக, அச்சில் 4 சிறு காந்தங்கள் பொருத்தப்பட்டு, ஒவ்வொன்றும் உணரியைக் கடக்கும்போது ஒரு "சுக்" எழுமாறு செய்யப்படுகிறது. காந்தங்கள் சம இடைவெளியில் இல்லாவிடில், வால்வு பிசகிய அசல் பொறியைப் போலவே மாதிரியும் நொண்டி ஒலிக்கும்.