நூற்கடையும் பாயிர மரபும்

நூல் இயற்றப்பெறுதல் வேறு. அது கற்பார் கையைச் சென்றடைதல் வேறு. முன்னதைப் பற்றி நம் இலக்கண நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. பின்னதைப் பற்றியும் அவை பேசியுள்ளமையைப் பலர் கருதுவதில்லை. இன்று தனியார் நடத்தும் நூற்கடைகள் சிலவற்றில் இரு வழக்கங்கள் காணப்படுகின்றன. இன்னார் இன்ன நூலைப் படிக்கலாம் எனக் கடையினர் பரிந்துரைக்கின்றனர்; நூலாசிரியரை வரவழைத்து வாசகரோடு உரையாடச் செய்கின்றனர். இவற்றை மேலைநாட்டு வணிகத்தின் வரவு என்பார் உளர். எனினும், இவற்றின் செம்மையை அளந்தறிதற்கு வேண்டும் அளவுகோல் நம் பாயிர இலக்கணத்துள்ளேயே உளது. அதனை ஈண்டுக் காண்போம்.

சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டுவன எட்டு என்பர் நன்னூலார்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர். இவற்றுள் 'கேட்போர்' என்பதே நம் ஆய்வுக்கு உயிரானது. இந்நூல் யார்க்கு உரியது என்பதை அது குறிக்கும். இக்காலப் பரிந்துரைகளை நோக்குக. ஆசிரியர் பெயர் உண்டு, பொருள் உண்டு, பயனோ அளவுக்கு மிஞ்சியே உண்டு. கேட்போர் மட்டும் இல்லை. 'யாவரும் படிக்கத்தக்க நூல்' என்று எழுதுவது எவரையும் எண்ணாது எழுதுவதே ஆகும்.

பாயிரம் செய்தற்கு உரியார் யாவர் என்பதனையும் நன்னூல் வரையறுக்கின்றது. நூலாசிரியனின் ஆசிரியன், உடன்கற்றவன், மாணாக்கன், தகுதிவாய்ந்த உரைகாரன் ஆகியோரே அவர். விற்போன் இப்பட்டியலில் இல்லை. விற்பனையால் ஊதியம் பெறுவோன் கூறும் புகழுரையை எங்ஙனம் நம்புவது என்னும் வினா இங்கு எழுகின்றது. இவ்வினாவைத் தள்ளிவிடல் இயலாது. நாடொறும் முகம் பார்த்துப் பழகும் கடைக்காரர்க்கு ஒரு கட்டுப்பாடு உண்டு என்பதே இதற்கு யாம் கூறும் விடை. தாம் தந்த நூல் பயனற்றதாயின் அதே வாசகர் மறுவாரம் வந்து கேட்பார். ஊர் பெயர் அறியாத வாசகர்க்கு விளம்பரம் எழுதுவோர்க்கு அக்கட்டுப்பாடு இல்லை. எனவே, கேட்போரை அறிந்த கடைக்காரர் ஒருவாறு உரைகாரர் நிலையை எய்துகின்றார். அறியாதவர் வணிகராகவே நிற்கின்றார்.

பரிந்துரை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்குத் தமிழ் வரலாறு தரும் தலையாய சான்று 1880-இல் கும்பகோணத்தில் நிகழ்ந்தது. அங்கு முன்சீபாயிருந்த சேலம் இராமசாமி முதலியாரை உ. வே. சாமிநாதையர் காணச் சென்றார். முதலியார் எடுத்த எடுப்பில் எந்நூலையும் புகழ்ந்தாரல்லர். 'என்னென்ன படித்திருக்கிறீர்கள்' என்றே வினவினார். ஐயர் தாம் கற்ற பிரபந்தங்களையும் புராணங்களையும் அடுக்கிக் கூறினார். முதலியார் அவற்றால் நிறைவடையாது, சிந்தாமணி முதலிய பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று கேட்டார். பின்னர்ச் சிந்தாமணிப் பிரதி ஒன்றையும் தந்துதவினார். 1887-இல் அந்நூல் ஐயரால் அச்சேறிற்று. கற்றதை வினவுதல், கல்லாததைச் சுட்டுதல், நூலைக் கையில் தருதல் என்னும் இம்முறை எந்நூற்கடைக்கும் பொருந்தும். இறுதிப்பகுதி இல்லாத பரிந்துரை பாதிப் பரிந்துரையே.

இனி, நூலாசிரியர் வருகையை நோக்குவோம். பாயிரம் கூறும் 'களம்' என்பது நூல் அரங்கேறிய அவை. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்ப அரங்கேறியதாகப் பனம்பாரனார் பாயிரம் உரைக்கின்றது. அதங்கோட்டாசான் குற்றம் கூறக் கூறத் தொல்காப்பியர் விடை கூறினார் என்பது நச்சினார்க்கினியர் தரும் செய்தி. அது வரலாறோ புனைவோ, அரங்கேற்றம் என்பதனை நம் முன்னோர் எவ்வாறு கருதினர் என்பது அதனால் விளங்கும். தடை எழுப்புவோரும் விடை கூறுவோரும் இருந்தாலன்றி அஃது அரங்கேற்றமாகாது. இந்நாள் விழாக்கள் பலவற்றில் பொன்னாடைக்கு ஒரு மணி நேரமும் வினாக்களுக்கு ஐந்து நிமிடமும் ஒதுக்கப்படுகின்றன. நூலைப் படித்தவர் அவையில் எண்மர் இருந்தாலே வியப்பு!

மேலைநாட்டிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. பாரிசு நகரில் அத்ரியேன் மோனியே நடத்திய நூற்கடையில் 1921 டிசம்பர் 7 அன்று, சேம்சு சாய்சின் 'யுலிசீசு' பற்றி வலேரி லார்போ விரிவுரை ஆற்றினார். அந்நூலோ 1922 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. வெளியிட்டவர் அத்தெருவிலேயே 'சேக்சுபியர் அண்டு கம்பெனி' என்னும் நூற்கடையை நடத்திய சில்வியா பீச்சு. லார்போவைத் தகும் உரைகாரர் என்னலாம். சாய்சு அன்று திரைமறைவில் இருந்தார் என்பர். தற்புகழ்ச்சி தகாது என்னும் நன்னூல் விதியை அவர் அறிந்திலர், ஆயினும் காத்தார்.

தமிழகத்தில் கோவை விசயா பதிப்பகத்து வேலாயுதம் எழுத்தாளரையும் வாசகரையும் ஓரிடத்தில் கூட்டியவர். திருவண்ணாமலையில் வம்சி புக்சோடு தொடர்புடைய பவா செல்லதுரை கதைசொல்லியாகவே அறியப்பெற்றவர். பிறர் கதையைத் தம் வாயால் சொல்லி, கேட்போரை மூலநூலுக்கு ஆற்றுப்படுத்துவது அவர் முறை.

அம்மாவட்டத்தின் ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தைச் சார்ந்தது தேவிகாபுரம். இத்தகைய நெசவூர்களில் எழுதுபொருளும் பாடநூலும் தேர்வுக் கையேடும் விற்கும் கடைகள் நிலைபெறும். இலக்கிய நூலுக்கெனத் தனிக்கடை நடத்துதல் அரிது. இதனால் வரும் இழப்பு சிறிதன்று. தறி வைத்த வீட்டிலிருந்து முதுகலைத் தமிழ் பயில வரும் மாணவர், கையேட்டையே நூல் என்று எண்ணி வருகின்றார். ஆய்வுத் தலைப்பையும் முன்னோர் பட்டியலிலிருந்தே எடுக்கின்றார். குறை அறிவில் இல்லை. 'என்ன படித்திருக்கிறாய்' என்று கேட்பார் இல்லாமையே குறை.

ஆயினும் கேட்கும் மரபு அவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பிற்பகல்தோறும் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நிகழ்வதுண்டு. சொற்பொழிவாளர் வில்லிபாரதச் செய்யுளைப் பாடிப் பொருள் விரிப்பார். கேட்போர் கதையை முன்னரே அறிந்தவர். தறியில் கையும் காலும் கண்ணும் ஈடுபட்டிருப்பினும் செவி ஓய்ந்திருக்கும். எனவே, நூலாசிரியர் ஒருவரைத் தேவிகாபுரத்திற்கு அழைப்பின், நூற்படிகளைப் பத்து நாள் முன்னரே சில வீடுகளுக்குத் தந்து, உரக்கப் படிக்கச் செய்து, பின் வருவித்தலே முறை. நாளும் மாலைப்பொழுதாகத் தறி ஓய்ந்தபின் அமைதல் வேண்டும்.

எந்நூலைக் கொண்டு தொடங்குவது என்பதனையும் கேட்போரே முடிவு செய்கின்றனர். அவ்வூர்ப் பெரியநாயகி அம்மன் கோயிலில் விசயநகரக் காலக் கல்வெட்டுகள் உள்ளன. வட, தென் ஆர்க்காட்டுப் பகுதிகளில் 16-ஆம் நூற்றாண்டு நாயக்கர் ஆட்சி நிகழ்ந்த முறையைக் கல்வெட்டுகளைக் கொண்டு ஆராய்ந்தவர் சப்பானியப் பேரறிஞர் நொபொரு கராசிமா. தேவிகாபுரத்து மாணவர் ஒருவர் நூற்கடை வாயிலில் வந்து நிற்பின், புதிய நாவலை எடுக்குமுன் அவ்வாராய்ச்சியையே யாம் அவர் கையில் தருவோம்.