சங்கத்துக்கும் நாடி பார்க்கணும்

போன வருஷம் ஜூலையில் எங்கள் சேவைச் சங்கத்தில் ஒருவரை நான் சேர்த்துவிட்டேன். பக்கத்துத் தெருவில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். பதவியேற்பு விழா அன்று அவருக்குச் சட்டையில் பின் குத்தி, பொன்னாடை போர்த்தி, வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். எட்டாவது மாதம் அவர் வருவதை நிறுத்திவிட்டார்.

மார்ச் மாதம் கடைக்குப் போய்க் கேட்டேன். "கோவம்லாம் ஒண்ணும் இல்லண்ணே. நாலு மீட்டிங் வரல. ஏன் வரலன்னு ஒருத்தரும் கேக்கல. சரி, நாம இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான் போலன்னு விட்டுட்டேன்" என்றார்.

கேட்காதவர்களில் முதல் ஆள் நான்தான். அவருடைய சேர்க்கைப் படிவத்தில் முன்மொழிந்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்துதான் இருக்கிறது. அந்த உறுத்தலில் சில மாதங்களாகச் சங்கங்கள் எப்படி உயிரோடு இருக்கின்றன, எப்படித் தேய்கின்றன என்று தேடிப் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில் வந்தது நட்பு

ரோட்டரி 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் தொடங்கியது. வழக்கறிஞர் பால் ஹாரிஸும் வேறு மூன்று பேரும் ஓர் அலுவலக அறையில் கூடினார்கள். ஹாரிஸ் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். பெரிய நகரத்துக்கு வந்தபின் ஊரில் இருந்த அந்த ஒட்டுதல் இங்கே இல்லையே என்று ஏங்கியவர். ஒவ்வொரு முறையும் ஒருவர் அலுவலகத்தில் என்று சுழற்சி முறையில் கூடியதால்தான் ரோட்டரி என்று பெயர். பொதுச்சேவை என்று அவர்கள் கையில் எடுத்த முதல் வேலை 1907-ல்தான், நகரத்தில் பொதுக் கழிப்பறை வேண்டும் என்ற முயற்சி. அதாவது, நட்பு முதலில் வந்தது, சேவை அதிலிருந்து முளைத்தது.

கிவானிஸ் 1915-ல் டெட்ராய்ட்டிலும், மெல்வின் ஜோன்ஸின் முயற்சியில் லயன்ஸ் 1917-ல் சிகாகோவிலும் பிறந்தன. சென்னைக்கு ரோட்டரி 1929-ல் வந்தது. இன்று தமிழ்நாட்டில் கொஞ்சம் பெரிய ஊர் என்றால், நுழைவாயிலில் இந்தச் சங்கங்களில் ஒன்றின் வரவேற்புப் பலகையாவது இருக்கும். சங்கத்தில் எத்தனை பேர் உயிர்ப்போடு இருக்கிறார்கள் என்பதை அந்தப் பலகை சொல்லாது.

இதெல்லாம் பொழுதுபோக்குச் சமாச்சாரம் இல்லை. 1985-ல் ரோட்டரி போலியோ ஒழிப்பைக் கையில் எடுத்தது. இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார், 2014 மார்ச்சில் போலியோ இல்லாத பகுதி என்ற சான்று வந்தது. அரசுப் பணியாளர்களின் பெரும் உழைப்போடு, சொட்டு மருந்து முகாமில் நாற்காலி போட்டு உட்கார்ந்த உள்ளூர்ச் சங்கத்துக்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஊர்ச் சங்கம் செத்தால் அடுத்த முகாமுக்கு நாற்காலி போட ஆள் இருக்காது. அவ்வளவுதான் கணக்கு.

தனக்குத்தானே பரிசோதனை

பெரிய அமைப்புகள் இந்தச் சிக்கலை முன்பே பார்த்திருக்கின்றன. ரோட்டரியில் 'கிளப் ஹெல்த் செக்' என்று ஒரு கையேடு உண்டு. வியாதி முற்றுவதற்கு முன் டாக்டரைப் பார்ப்பதைப் போல, சங்கத்தையும் அவ்வப்போது பார்க்கணும் என்பதுதான் அதன் எண்ணம். கூட்டத்துக்கு வர ஆசையாக இருக்கிறதா, ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்களோடு உட்காருகிறோமா என்பது மாதிரி எளிய வாக்கியங்கள் வரிசையாக இருக்கும். உண்மை என்றால் டிக் செய்யணும். டிக் விழாத இடம்தான் நோய் இருக்கும் இடம், அங்கே என்ன செய்யலாம் என்று யோசனையும் இருக்கும்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் சேவைச் சங்கம் இல்லை, பேச்சுப் பயிற்சிச் சங்கம். ஆனாலும் அவர்களுடைய 'மொமென்ட்ஸ் ஆஃப் ட்ரூத்' முறை எனக்குப் பிடித்தது. ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள்: முதல் நாள் வருபவருக்குக் கிடைக்கும் அனுபவம், புது உறுப்பினருக்கான அறிமுகம், தோழமையும் தகவல் தொடர்பும், கூட்ட ஏற்பாடு, உறுப்பினர் பலம், செய்த வேலைக்குப் பாராட்டு. ஒவ்வொன்றுக்கும் உறுப்பினர்களே மதிப்பெண் போட்டு, பிறகு ஒன்றாக உட்கார்ந்து பேசவேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சராசரி மதிப்பெண்ணை விட, யார் எவ்வளவு போட்டார்கள் என்கிற இடைவெளிதான் முக்கியம். வரவேற்புக்குத் தலைவரும் செயலாளரும் ஐந்துக்கு ஐந்து போட்டு, போன வருஷம் சேர்ந்தவர் இரண்டு போட்டால், சங்கத்தின் உண்மையான நிலைமை அந்த மூன்று மதிப்பெண்ணில் இருக்கிறது. இருபது வருஷமாக வருபவருக்கு வரவேற்பு தேவைப்படாது, அதனால் அது இல்லாததும் அவர் கண்ணில் படாது.

நம் ஊரில் இது எங்கே கெடுகிறது என்றால், செயலாளர் ஒருவரே ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிடுவார். கவர்னர் வருகைக்குக் காட்டும் ரிப்போர்ட் ஆகிவிடும். விருதுக்காக நிரப்பும் படிவத்தில் யாரும் தன் குறையை எழுதமாட்டார்கள். அதனால் பதில்கள் பெயர் இல்லாமல் வரணும், மாவட்டத்துக்குப் போகக்கூடாது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் செய்யாமலே இருக்கலாம்.

கணக்கிலும் ஒரு ஏமாற்று உண்டு. 32 பேர் உள்ள சங்கத்தில் வருஷம் 8 பேர் சேர்ந்து 7 பேர் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷ முடிவில் 33. 'வளர்ச்சி' என்று கைதட்டுவோம். மூன்று வருஷம் இப்படியே போனால் 21 பேர் வெளியே போயிருப்பார்கள், அதாவது சங்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவு ஆட்கள். ஊரில் நம்மைப் பற்றிப் பேசப்போவது அந்த 21 பேர்தான். எனவே சேர்ந்தவர் எண்ணிக்கையோடு, இரண்டு வருஷம் முன்பு சேர்ந்தவர்களில் இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் எண்ணணும்.

முன்மொழிந்தவர் வேறு, வழிகாட்டி வேறு

நான் தப்பு செய்த இடம் இது. சேர்த்துவிட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். புது மருமகள் அடுப்படியில் உப்பு எங்கே, புளி எங்கே என்று தேடுவது மாதிரிதான் புது உறுப்பினரும். சார்ட்டர், டியூஸ், கேபினெட் என்று நாம் பேசும் பாதி வார்த்தை அவருக்குப் புரியாது. கேட்கவும் கூச்சம்.

லயன்ஸில் உறுப்பினர்களுக்கான வழிகாட்டுத் திட்டம் தனியாக இருக்கிறது. புதுச் சங்கத்துக்கே வழிகாட்ட 'கைடிங் லயன்' என்று அனுபவசாலிகளை நியமிக்கிறார்கள். டோஸ்ட்மாஸ்டர்ஸில் புதியவருக்கு ஒரு மென்டார். படித்ததையும் எங்கள் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால், நல்ல வழிகாட்டி செய்வது பெரிய காரியம் ஒன்றும் இல்லை.

முதல் மூன்று கூட்டத்துக்கு அவரைத் தன் வண்டியிலேயே கூட்டிவருவார், தன் நண்பர்கள் இல்லாத மேசையில் உட்கார வைப்பார். பணத்தைப் பற்றி முதலிலேயே வெளிப்படையாகச் சொல்வார்: சந்தா இவ்வளவு, அதுபோக முகாம் வசூல், விழா வசூல் என்று வருஷத்துக்கு ஏறக்குறைய எவ்வளவு ஆகும் என்று. இதைச் சொல்லாததால் விலகுகிறவர்கள் நிறைய. காசு இல்லை என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், "வேலை ஜாஸ்தி" என்பார்கள். இரண்டாவது மாதத்துக்குள் ஒரு சின்ன வேலை கொடுப்பார், அவர் தொழிலுக்கு ஒத்த வேலையாக. எங்கள் எலக்ட்ரிகல் கடைக்காரரை ரத்ததான முகாமில் ஒயரிங் பார்க்கச் சொல்லியிருக்கலாம். நாங்கள் பேனர் பிடிக்கச் சொன்னோம்.

முன்மொழிந்தவரே வழிகாட்டியாக இருக்கவேண்டியதில்லை. சொந்தக்காரரோ கடன் கொடுத்தவரோ முன்மொழிந்திருந்தால், குறையை அவரிடமே சொல்ல நாக்கு எழாது. ஒரு வழிகாட்டிக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். ஆறு மாதமோ ஒரு வருஷமோ என்று கெடுவும் வேண்டும், இல்லாவிட்டால் அது கோஷ்டி ஆகிவிடும்.

இந்த இடத்தில்தான் இரண்டும் ஒன்று சேர்கின்றன. பரிசோதனை வருஷத்துக்கு ஒரு தடவைதான். வழிகாட்டியின் காதுக்கு மாசாமாசம் சேதி வரும். 'ஏன் வரல' என்ற கேள்வியை முதல் கூட்டம் தவறும்போதே அவர் கேட்டுவிடுவார். நாலு கூட்டம் தவறிய பிறகு கேட்டால் அது துக்கம் விசாரிப்பதுதான்.

எப்போது செய்வது?

ஜூலை 1-ல் புதுத் தலைவர் வருவார், அடுத்த ஜூனில் போய்விடுவார். ஒவ்வொருவருக்கும் தன் பெயர் சொல்ல ஒரு திட்டம் வேண்டும், போனவர் தொடங்கியது அப்படியே கிடக்கும். அதனால் ஏப்ரலில் பரிசோதனை செய்து, முடிவுகளைப் பொறுப்பேற்கப்போகும் தலைவரிடம் மே மாதமே கொடுப்பது நல்லது. அவர் எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டாம். இரண்டு குறையை எடுத்து வருஷத்துக்குள் தீர்த்தால் போதும். "ரூல்ஸ் விடாது" என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. வாராவாரம் கூடவேண்டும் என்ற பழைய கட்டாயத்தையே ரோட்டரி 2016-ல் தளர்த்தி, மாதம் இரண்டு கூட்டம் நடத்தினால் போதும் என்று ஆக்கிவிட்டது.

ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்க, எங்கள் சங்கத்துக்கு நான் எழுதிய கேள்விகள்:

1. போன கூட்டத்தில் நான் புதிதாக யாரிடமாவது பேசினேனா?
2. இந்த வருஷம் எனக்கு என்று ஒரு வேலை கொடுத்தார்களா?
3. வருஷத்துக்கு எனக்கு ஆகும் மொத்தச் செலவு சேரும்போதே தெரியுமா?
4. வரவு செலவுக் கணக்கை நான் பார்த்தேனா?
5. உதவி பெறுபவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டுச் செய்தோமா?
6. போட்டோ எடுக்க முடியாது என்றாலும் அந்த உதவியைச் செய்திருப்போமா?
7. கூட்ட நேரமும் இடமும் பெண் உறுப்பினர்களுக்கு ஒத்துவருகிறதா?
8. நான் இரண்டு கூட்டம் வராவிட்டால் யாராவது போன் செய்வார்களா?

இந்த ஏப்ரலில் 29 பேர் பதில் எழுதினார்கள். எட்டாவது கேள்விக்கு 'ஆமாம்' என்றவர்கள் 11 பேர், அதில் பெரும்பாலோர் முன்னாள் தலைவர்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மூத்த உறுப்பினர் ஒருவர், "அப்ப மத்தவங்களுக்கு யார்ப்பா போன் பண்றது?" என்றார். அன்றைக்கே ஆறு பேர் வழிகாட்டியாகப் பெயர் கொடுத்தோம்.

கடைக்காரர் திரும்பி வரவில்லை. "பாக்கலாம்ண்ணே" என்கிறார், நானும் வற்புறுத்துவதில்லை. ஜூலையில் சேர்ந்த ஒரு கல்லூரி ஆசிரியைக்கு நான் வழிகாட்டி. போன வாரம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. மறுநாள் காலை போன் செய்தேன். பையனுக்குக் காய்ச்சலாம்.