பானைக்குள் பாம்பு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம்மவர் பழமொழி. படை நடுங்குவது ஒருபுறம் இருக்கட்டும். மனிதன் கையில் அகப்பட்ட பாம்பு படும் பாட்டை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. பாம்பை அடைத்து வைக்க நேர்ந்தால், அதற்கும் கேடின்றி, அடைத்தவருக்கும் கேடின்றிப் பேணுவது எவ்வாறு? இதனை இன்று சிறிது ஆராய்வோம்.

நாமக்கல் மாவட்டத்தில், எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறினால் கொல்லிமலையை அடையலாம். அங்கே ஒரு பள்ளியில் நான் பணியாற்றிய நாளில், மாணவன் ஒருவன் பிஸ்கோத்து டப்பா ஒன்றில் பச்சைப் பாம்புக் குட்டியொன்றை அடைத்துக் கொண்டுவந்தான். மிளகுக் கொடியில் கண்டு பிடித்தானாம். மூடியில் ஆணியால் துளைகள் இட்டிருந்தான். வகுப்பு நடக்கும் நேரம். "வெளியே திண்ணையில் வைத்துவிட்டு வா" என்றேன். நண்பகல் மணி அடித்ததும் திறந்து பார்த்தோம். பாம்பு விறைத்துக் கிடந்தது. "காத்துப் போக ஓட்டை போட்டேனுங்க ஐயா" என்று அவன் அழுதான். அவன் மேல் பிழை இல்லை. வெயில் திண்ணைக்கு வரும் என்பதை எண்ணாதவன் நான்தான். அறியாமை எத்துணைக் கொடியது என்பதை அன்று உணர்ந்தேன். பாம்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதும் அதன் பின்னரே.

அந்தப் பாம்பு ஏன் மாண்டது? மனிதனும் மாடும் தம் உடலுக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கி, அதனை ஒரே அளவில் காத்துக்கொள்கின்றன. பாம்பிற்கு அந்த ஆற்றல் இல்லை. சூழ்நிலையின் வெப்பமே அதன் உடல் வெப்பம். ஆகவே குளிரும்போது வெயிலை நாடும். வெப்பம் மிகுந்தால் நிழலுக்கும் வளைக்கும் ஊர்ந்துவிடும். இவ்வாறு இடம் மாறுவது ஒன்றே அதற்கு உயிர்க்காப்பு. டப்பாவில் அடைத்த கணமே அந்தக் காப்பை நாம் பறித்துவிடுகிறோம். துளைகள் காற்றைத் தந்தன, நிழலைத் தரவில்லை.

இதிலிருந்து முதல் விதி பிறக்கிறது. பாம்பிருக்கும் கூண்டில் ஒரு பக்கம் வெதுவெதுப்பாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருத்தல் வேண்டும். எது தேவை என்பதைப் பாம்பே தேர்ந்துகொள்ளும். குளிரும் தீங்கானதே. இரை விழுங்கிய பாம்பிற்குப் போதிய வெப்பம் இல்லையேல் செரிமானம் நின்றுவிடும். உண்டதை அது கக்கிவிடும்.

இரண்டாவது விதி, ஒளிந்துகொள்ள இடம். திறந்த வெளியில் பலர் கண்ணெதிரே கிடக்கும் பாம்பு ஓயாத அச்சத்தில் இருக்கும்; இரையும் எடுக்காது. ஓர் உடைந்த ஓட்டுத் துண்டு போதும், அதற்கு அமைதி உண்டாகும்.

மூன்றாவது, நீரும் ஈரமும். குடிக்கத் தூய நீர் எப்பொழுதும் வேண்டும். சட்டை உரிக்குமுன் பாம்பின் கண்கள் பால்படிந்தாற்போல் மங்கிவிடும். அக்காலத்தில் சிறிது ஈரமும், உடலைத் தேய்த்துக்கொள்ளச் சொரசொரப்பான கல்லும் இருந்தால் சட்டை முழுமையாகக் கழலும். ஆயினும் ஈரம் மிகுந்து காற்றோட்டம் குறைந்தால் செதில்கள் புண்ணாகும். மூச்சு நோயும் தோன்றும்.

நான்காவது, மூடி. தலை நுழையும் இடுக்கில் பெரும்பாலும் உடலும் நுழைந்துவிடும். இரவு முழுதும் மூக்கால் முட்டி முட்டி, நெகிழ்ந்த இடத்தைப் பாம்பு கண்டுபிடித்துவிடும். கம்பி வலையில் முட்டினால் மூக்கும் புண்ணாகும். ஆகவே உட்புறம் வழவழப்பாகவும், மூடி உறுதியாகவும் இருத்தல் இன்றியமையாதது. இன்னொன்றும் நினைவிலிருக்கட்டும்: நல்ல பாம்பும் கட்டுவிரியனும் பிற பாம்புகளை விழுங்கக் கூடியவை. கண்டபடி சேர்த்து அடைத்தல் ஆகாது.

இவ்விதிகள் பலவற்றையும் ஒரு மண்பானையில் அடக்கிக் காட்டியவர்கள் நம் தமிழ்நாட்டு இருளர்கள். செங்கற்பட்டு வட்டாரத்து இருளர் முன்பு பாம்புத்தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும், அதனைத் தொடர்ந்த தோல் ஏற்றுமதித் தடையாலும் அத்தொழில் நின்றது. பாம்பறிஞர் ராமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணையின் வளாகத்தில் அது நடைபெற்று வருகிறது. கொல்வதற்குப் பிடித்த கைகள், காப்பதற்குப் பிடிக்கலாயின.

அங்கே பாம்புகளை மண்பானைகளில் வைத்து, வாயைத் துணியால் மூடிக் கயிற்றால் இறுகக் கட்டிவிடுகின்றனர். பானையின் நுண்துளைகள் வழியே ஈரம் கசிந்து ஆவியாவதால் உட்புறம் குளிர்ந்திருக்கும். துணி வழியே காற்று செல்லும், பாம்பு செல்லாது. உள்ளிருக்கும் இருளே ஒளிவிடம். மூக்கைக் கிழிக்கும் கம்பியும் இல்லை.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கையே அங்கு நஞ்சு எடுக்கப் பிடிக்கின்றனர். வாரம் ஒருமுறையாக நான்கு முறை நஞ்சு எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுவர். அடையாளம் உள்ள பாம்பு மீண்டும் அகப்பட்டால் அதனைத் தொந்தரவு செய்வதில்லை. சிறைவாசத்திற்கும் ஓர் எல்லை உண்டு என்பதே இம்முறையின் சிறப்பு. இத்தொழிலில் தேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அந்த நஞ்சு எதற்குப் பயன்படுகிறது? அதனைக் குதிரையின் உடலில் சிறிது சிறிதாகச் செலுத்துவர். குருதியில் எதிர்ப்பொருள்கள் உண்டாகும். அவற்றைப் பிரித்தெடுத்துத் தூய்மை செய்ததே நாம் மருத்துவமனையில் பெறும் நச்சுமுறி மருந்து. 2000 முதல் 2019 வரையுள்ள இருபது ஆண்டுகளில் நம் நாட்டில் பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் மாண்டிருப்பர் என்பது 2020-இல் வெளியான ஆய்வின் கணிப்பு. வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலோடு நடக்கும் ஏழை உழைப்பாளியே இதில் பெரிதும் பலியாகிறான். பானைக்குள் பாம்பு நலமாக இருந்தால்தான் நல்ல நஞ்சு கிடைக்கும். நல்ல நஞ்சு கிடைத்தால்தான் அவனுக்கு மருந்து கிடைக்கும். பாம்பின் நலமும் மனிதன் நலமும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

இவையெல்லாம் கேட்டபின், நாமும் வீட்டில் ஒரு பாம்பை வளர்த்தால் என்ன என்று இளைஞர் எவரேனும் எண்ணக்கூடும். அது வேண்டாம். நம் காட்டுப் பாம்புகளை உரிய அனுமதியின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். இருளர்களும் அரசின் அனுமதி பெற்றே பிடிக்கின்றனர். பாம்புப் புற்றில் பால் வார்ப்பதும் பாம்பிற்குச் செய்யும் உதவி அன்று. பால் அதன் உணவே அன்று.

வீட்டிற்குள் பாம்பு புகுந்தால், தொலைவில் நின்று அதன்மேல் கண் வைத்திருங்கள். தீயணைப்பு நிலையத்திற்கோ வனத்துறைக்கோ செய்தி சொல்லுங்கள். எவரையேனும் கடித்துவிட்டால், கீறுதலும் உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் கூடா. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மலைப்பாதை நீண்டது, மந்திரிப்பவரிடம் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் உயிரிலிருந்து கழியும் நிமிடம்.

அந்த மாணவனும் நானும் அன்று மாலை பள்ளித் தோட்டத்து மிளகுக் கொடியடியில் அந்தப் பச்சைப் பாம்பைப் புதைத்தோம். உயிரை அடைத்து வைக்க விரும்புபவன், அதற்கு முன்னே அவ்வுயிரின் தேவையை அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவன் அதனை அதன் இடத்திலேயே விட்டுவிடுதல் வேண்டும். ஆசிரியனாகிய நான் அன்று கற்ற பாடம் இதுவே.