கிரவுன் ஆயிலைப் பார்த்தீர்களா?

பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் இன்ஜின் ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார்கள், ரேடியேட்டர் தண்ணீரையும் பார்ப்பார்கள். பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் கிரவுன் (டிஃபரன்ஷியல்) கூட்டுக்குள் எண்ணெய் இருப்பது, வண்டி அறுபதில் போகும்போது பின்னாலிருந்து ‘ஊ’ என்று சத்தம் கேட்ட பிறகுதான் பலருக்கு ஞாபகம் வருகிறது. டீயைக் குடியுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

கியர் ஆயிலும் கிரவுன் ஆயிலும் எரிவதில்லை. அளவு குறையாததால் ஆயுசுக்கும் போதும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பல்லும் பல்லும் உரசி இரும்புத்தூள் சேர்ந்துகொண்டே இருக்கும். பல கையேடுகள் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன.

மாருதி 800-இல் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால் ஒரே ஆயில்தான். அம்பாசிடர், ஆம்னி இரண்டிலும் பின்சக்கரம்தான் தள்ளுகிறது. அங்கே இரண்டும் தனித்தனி. “கியர் ஆயில் மாத்தியாச்சு” என்று மெக்கானிக் சொன்னால், கிரவுனுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள்.

இரண்டுக்கும் ஒரே டின்னிலிருந்து ஊற்றுவதும் சரியல்ல. அம்பாசிடர் கிரவுனில் பினியன் என்ற சின்னப் பற்சக்கரம், பெரிய கிரவுன் சக்கரத்தின் மையத்துக்குக் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்வதால் சாதாரண எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியேறிவிடும். அதைத் தாங்கத்தான் ஜி.எல்.5 ரக ஆயிலில் கந்தகம், பாஸ்பரஸ் சேர்மங்களைக் கூடுதலாகக் கலக்கிறார்கள். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி அதுதான். அதே சேர்மம் கியர்பாக்ஸிலுள்ள பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கக்கூடும். அதனால் அங்கே பெரும்பாலும் ஜி.எல்.4. சில பழைய கியர்பாக்ஸ்களுக்கு இன்ஜின் ஆயிலையே ஊற்றச் சொல்லியிருக்கும். கையேட்டைப் பார்க்காமல் டின் வாங்காதீர்கள்.

நம் அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக்கென்றே ஒரு கவலை உண்டு. 1979-இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை வந்தது, பிறகு தனியார் ஆலைகளும் வந்தன. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையில் புழுதிக்குக் குறைவில்லை. பெரம்பலூர்க் கரிசல் சேறோ ஒட்டினால் காய்ந்து கல்லாகிவிடும். அச்சுக்குழாயின் மேல் பிரீதர் என்று சின்னதாக ஒரு மூச்சுத்துளை இருக்கும். அது அடைபட்டால், சூட்டில் விரியும் காற்று எண்ணெயை சீல் வழியாக வெளியே தள்ளும். அந்த எண்ணெய் நேராகப் பின்சக்கர பிரேக் ஷூவில் போய் இறங்கும். மிதித்தால் பிரேக் பிடிக்காது. ஒரு துண்டுக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தால் தீருகிற விஷயம், உயிருக்கே உலை வைத்துவிடும். ஐப்பசி மழையில் தரைப்பாலத்து வெள்ளத்துக்குள் இறங்கினால் இதற்கு நேர்மாறாக நடக்கும்: சூடான அச்சு சட்டென்று குளிர்ந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் அன்றே மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, சமதளத்தில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது. முதலில் ஊற்றும் துளையின் பிளக்கைக் கழற்றுங்கள். அது துருப்பிடித்துக் கழலாமல் போனால், கீழ் பிளக்கைத் திறந்து எண்ணெயை வடித்த வண்டி அங்கேயே நின்றுவிடும். வடிந்ததை விரலில் தேய்த்துப் பாருங்கள். பிளக்கில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது சகஜம்; நகத்தில் தட்டுப்படும் இரும்புச் சில்லு என்றால் கூட்டைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். புது எண்ணெயை மேல் துளையிலிருந்து வழியத் தொடங்கும்வரை ஊற்றி, வழிவது நின்றதும் மூடினால் போதும். பழையதை ஓடையில் கொட்டாமல் கழிவு ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

புது ஆயில் ஊற்றியும் சத்தம் நிற்கவில்லையென்றால் பேரிங் போயிருக்கலாம், இல்லை பல் தேய்ந்திருக்கலாம். இன்னும் கெட்டியான ஆயில் ஊற்றிச் சத்தத்தை அடக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிரவுன் பினியன் செட்டிங் தெரிந்த ஆளிடம் வண்டியைக் காட்டுங்கள்.