வெள்ளித்தாள் சுற்றிய பியூஸ்



சில மாதங்களுக்கு முன் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு விடியற்காலையிலேயே போயிருந்தேன். லயத்து வாசலில் ரப்பர் கருகுற வாடை. உள்ளே போனால், நாலு பிளக் மாட்டும் நீட்டு வயரில் கெட்டில், சோறாக்கும் குக்கர், இஸ்திரிப் பெட்டி, மின்சார அடுப்பு நாலும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. வயரைத் தொட்டேன், கை பொறுக்கவில்லை.

“பெரட்டுக்கு நேரமாச்சு அண்ணே, பிள்ளைங்க ஸ்கூல் பஸ் வேற வந்துரும். தினமும் இப்படித்தான் மாட்டுறோம், ஒண்ணும் ஆனதில்ல” என்றார் வீட்டுக்கார அம்மா.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பியூஸ் மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்! “அடிக்கடி அறுந்து போவுது, அதான் தம்பி சுத்தி வச்சான்” என்றார். ஓலைப் பாயில் பிள்ளைகள் தூங்கும் வீடு அது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

அங்கேயே பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். தோட்டப் பள்ளியில் படித்த வகுத்தல் கணக்கே போதும்.

நம் நாட்டில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். முன்பு 240 என்று சொல்வோம், 2008 முதல் 230 என்பதே அளவு. இது மாறுதிசை மின்சாரம். வினாடிக்கு 50 சுற்று முன்னும் பின்னும் ஓடும். ஒவ்வொரு சாமானின் அடியிலும் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். அந்த வாட்டை 230-ஆல் வகுத்தால் எத்தனை ஆம்பியர் கரண்ட் இழுக்கிறது என்று தெரியும்.

கெட்டில் 2,200 வாட்: 9.6 ஆம்பியர்.
இஸ்திரிப் பெட்டி 1,000 வாட்: 4.3 ஆம்பியர்.
மின்சார அடுப்பு 1,000 வாட்: 4.3 ஆம்பியர்.
குக்கர் 700 வாட்: 3 ஆம்பியர்.

மொத்தம் 4,900 வாட். 230-ஆல் வகுத்தால் 21 ஆம்பியருக்கும் மேல். அந்தப் பிளக் தாங்குவதோ 13 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 3,000 வாட். கரண்ட் இரண்டு மடங்கானால் வயரின் சூடு நாலு மடங்காகும். பியூஸ் அறுந்தது கோளாறு அல்ல. அது வீட்டைக் காப்பாற்றிய காவல்காரன். வெள்ளித்தாளைச் சுற்றினால் காவல்காரன் வாயைக் கட்டியது போல. இன்னொன்று, 13 ஆம்பியரைத் தாண்டிய உடனே பியூஸ் அறுந்துவிடாது. கொஞ்சம் மீறினால் நெடுநேரம் தாங்கும், அதற்குள் வயர் கொதிக்கும். அதனால் பியூஸை நம்பி இருக்காமல் நாமே கூட்டிப் பார்க்க வேண்டும்.

இந்த வகுத்தல் சூடாக்கும் சாமான்களுக்குச் சரி. மோட்டார் உள்ள துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர் பம்பு போன்றவற்றுக்கு அப்படியே பொருந்தாது. ஒரு மோட்டார் 1.5 ஆம்பியர் இழுத்தால், 230-ஆல் பெருக்க 345 வரும். ஆனால் அதன் திறன் காரணி 0.8 என்றால் மீட்டர் கணக்கிடும் வாட் 276 மட்டுமே. வயருக்கோ 1.5 ஆம்பியரின் பாரமும் உண்டு. ஆகவே மோட்டார் சாமானில் ஆம்பியர் எழுதியிருந்தால் அதையே கூட்டுங்கள்.

கரண்டு பில்லுக்கும் இதே கணக்குத்தான். 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 60 வாட் காற்றாடி தினம் 10 மணி நேரம் சுற்றினால் 30 நாளில் 18 யூனிட். உங்கள் பில்லில் உள்ள கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள். சம்பளத்தில் கரண்டுக் காசு பிடிக்கும் தோட்டமானால், எத்தனை யூனிட்டுக்குப் பிடித்தார்கள் என்று கேட்க உங்களுக்கு வாய் வேண்டும். அந்த வாயைக் கொடுப்பது கணக்கு.

அந்த அம்மாவிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கெட்டில் கொதித்து முடிந்த பிறகு அடுப்பைப் போடுங்கள். சட்டையை முதல் நாள் இரவே தேய்த்து வையுங்கள். வெள்ளித்தாளை வீசிவிட்டுச் சரியான பியூஸ் வாங்கிப் போடுங்கள், அதற்கு அதிகம் செலவில்லை. லயத்துச் சுவரில் பிளக் போதவில்லை, வயர் பழசு என்றால் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். நாலு வீட்டார் சேர்ந்து கையெழுத்துப் போட்டு நிர்வாகத்திடம் கடிதம் கொடுங்கள், நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் உள்ள வயர்மேன் வந்துதான் கை வைக்க வேண்டும்.

போன மாதம் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். சுவரில் அந்த அம்மா கரித்துண்டால் நாலு எண்களை எழுதி வைத்திருந்தார்: 2200, 1000, 1000, 700. கீழே, “3000 தாண்டக் கூடாது.”